“கேஸ் ஆயிருமாண்ணே?”

கன்னியாகுமரி மாவட்டத்தில் அழகியமண்டபத்துக்கும் சாமியார்மடத்துக்கும் நடுவில், ஒரு ஜூன் மாதச் சாரலில், காரும் பைக்கும் மோதிய இடத்தில் நான் நின்றிருக்கிறேன். ஆறேழு வருஷம் இருக்கும். சத்தம் கேட்டுத் திரும்பிப் பார்த்து, ரோட்டைக் கடந்து போய்ச் சேர்வதற்குள் அங்கே எட்டுப் பத்துப் பேர் கூடிவிட்டார்கள். சாயக்கடையில் நின்றவர்கள், பஸ்ஸுக்குக் காத்திருந்தவர்கள், எதிர் வீட்டிலிருந்து குடைகூட எடுக்காமல் ஓடி வந்த ஒரு அம்மா. பையனுக்கு இருபது வயதுகூட இருக்காது, ஹெல்மெட்டோடு கிடக்கிறான், தொடையிலிருந்து ரத்தம் மழைத் தண்ணீரோடு கலந்து ஓடுகிறது. அந்த அம்மா “மக்களே, மக்களே” என்று (நம்ம ஊரில் பிள்ளையைக் கூப்பிடுவது அப்படித்தான்) அவன் கன்னத்தைத் தட்டப் பார்க்கிறார், ஹெல்மெட் தடுக்கிறது. ஒருவர் பைக் சாவியைத் திருப்பி அணைத்தார். ஒருவர் கார்க்காரரின் சட்டையைப் பிடித்தார். ஒருவர் சோடா வாங்க ஓடினார். மூன்று பேர் போனை எடுத்தார்கள், அதில் ஒருவர் 108-க்கு, மற்ற இருவரும் வீடியோவுக்கு.

அப்புறம் ஒரு ஆட்டோ வந்து நின்றது. எல்லோரும் அந்த ஆட்டோக்காரரைப் பார்த்தார்கள். அவர் என்னைப் பார்த்து, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில், “கேஸ் ஆயிருமாண்ணே?” என்றார். கேட்டுக்கொண்டே சீட்டில் கிடந்த துவர்த்தை, அதாவது தோள் துண்டை, எடுத்து என் கையில் கொடுத்துவிட்டார், ரத்தத்தை அமுக்கிப் பிடிக்க.

விபத்தில் அடிபட்டவருக்கு முன்பின் தெரியாதவர்கள் உதவுவதைப் பற்றி எழுத உட்கார்ந்தால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அந்தக் கேள்வியும் அந்தத் துவர்த்தும்தான், இரண்டும் ஒரே நொடியில் ஒரே ஆளிடமிருந்து வந்தவை. நம்ம மாவட்டத்தில் ஆள் ஓடி வருவதில்லை என்று யாரும் குறை சொல்ல முடியாது. வந்தவர்களின் தலைக்குள் ஓடுகிற பயமும், வந்த பிறகு கை செய்கிற வேலையும்தான் சிக்கல். பயத்தை நீக்கச் சட்டம் வந்து வருஷங்களாகிவிட்டன, அது சாயக்கடை வரை வந்து சேரவில்லை. கைக்கு வேலை சொல்லித் தர யாரும் வரவே இல்லை.

முதலில், ஏன் இங்கே இவ்வளவு சீக்கிரம் கூட்டம் கூடுகிறது? காரணம் சாதாரணமானது. 2011 கணக்கெடுப்பில் கன்னியாகுமரி மாவட்டத்தின் மக்கள்தொகை பதினெட்டு லட்சத்து எழுபதாயிரம். சதுர கிலோமீட்டருக்கு 1,100 பேருக்கு மேல், மாநிலச் சராசரியைப் போல இரண்டு மடங்கு. களியக்காவிளையில் நுழைந்து குழித்துறை, மார்த்தாண்டம், தக்கலை, வில்லுக்குறி, நாகர்கோவில், சுசீந்திரம் வழியாகக் கன்னியாகுமரி போகிற பழைய தேசிய நெடுஞ்சாலையில் (முன்பு 47, இப்போது 66) ஒரு ஊர் முடிந்து அடுத்த ஊர் தொடங்கும் இடம் எதுவென்று வெளியூர்க்காரருக்குச் சொல்லவே முடியாது. வீட்டு வாசற்படி முடிகிற இடத்தில் ரோடு தொடங்குகிறது. வளைவுக்கு வளைவு ஒரு கடை, ஒரு குருசடி (சிலுவை வைத்த சிற்றாலயம்), ஒரு கோயில். நான்குவழிச் சாலை வேலை வருஷக்கணக்காக இழுத்துக்கொண்டே போக, கனிமவளம் ஏற்றிய டாரஸ் லாரியும் மினி பஸ்ஸும் பள்ளிக்கூட வேனும் சபரிமலை சீசனில் வெளி மாநில வண்டிகளும் இந்த ஒடுங்கிய ரோட்டில்தான் முட்டிக்கொள்கின்றன. தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை என்று இரண்டையும் வாங்குகிற மாவட்டம் வேறு, ரோடு காய்ந்து கிடக்கும் மாதங்கள் குறைவு. ஆக விபத்தும் அதிகம், பார்க்கிற கண்ணும் அதிகம். விதிவிலக்கு ஆரல்வாய்மொழிக்கு அந்தப் பக்கம், முப்பந்தல் காற்றாலைகளுக்கு நடுவே போகிற வழி. அங்கே ராத்திரி பதினொரு மணிக்கு விழுந்தால் காற்றுதான் துணை.

ரோட்டில் போகிறவனைக் கவனிப்பது நம்ம ஆட்களுக்குப் புதுசும் இல்லை. பழைய திருவிதாங்கூர் வழிகளில் இன்னும் அங்கங்கே சுமைதாங்கிக் கல் நிற்கிறது. இரண்டு கல்லை நட்டு மேலே ஒரு கல், தலைச்சுமைக்காரர் யாருடைய உதவியும் இல்லாமல் சுமையை இறக்கி வைக்க. பிரசவத்துக்கு முன்பே இறந்துபோன கர்ப்பிணிப் பெண்ணின் நினைவாக அதை நிறுத்துவது வழக்கம். அவள் இறக்கி வைக்க முடியாமல் போன சுமையை வழிப்போக்கர் யாரோ இறக்கி வைக்கட்டும் என்று. அழகியமண்டபம், சாமியார்மடம், வெள்ளமடம் என்று ஊர்ப் பெயர்களிலேயே மண்டபமும் மடமும் இருக்கின்றன. கடற்கரை ஊர்களில் இது இன்னும் கடுமையான வழக்கம், கடலில் ஒரு வள்ளம் திரும்பவில்லை என்றால் பக்கத்து வள்ளம் போய்த் தேடும். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் அடித்தபோது தூத்தூர், வள்ளவிளைப் பக்கத்து மீனவர்கள் தங்கள் படகுகளிலேயே தேடிப் போனது எல்லோருக்கும் தெரியும். நடுக்கடலில் யாரும் கேஸ் ஆகுமா என்று கேட்பதில்லை. கரைக்கு வந்து ரோட்டில் ஏறிய பிறகுதான் அந்தக் கேள்வி வருகிறது.

‘கூட்டம் கூடினால் யாரும் உதவ மாட்டார்கள்’ என்றொரு பேச்சு உண்டு. படித்தவர்கள் கொஞ்சம் பெருமையோடே சொல்வார்கள், மனோதத்துவம் அப்படித்தான் சொல்கிறது என்று. அதன் கதை 1964-இல் நியூயார்க்கில் தொடங்குகிறது. கிட்டி ஜெனோவீஸ் என்ற இளம்பெண் வீட்டு வாசலுக்கு அருகே கொலை செய்யப்பட்டார். 38 பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள், ஒருவரும் போலீஸுக்குச் சொல்லவில்லை என்று பத்திரிகை எழுதியது, உலகமே அதிர்ந்தது. அதைத் தொடர்ந்து பிப் லதானே, ஜான் டார்லி என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1968-இல் ஒரு சோதனை வைத்தார்கள். தனித்தனி அறையில் இருப்பவர்கள் ஒலிபெருக்கி வழியாகப் பேசுகிறார்கள், நடுவில் ஒருவருக்கு வலிப்பு வருகிறது (நடிப்புதான்). தான் ஒருவர் மட்டும்தான் கேட்கிறோம் என்று நினைத்தவர்களில் 85 சதவீதம் பேர் எழுந்து உதவி தேடினார்கள். இன்னும் நான்கு பேர் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று நினைத்தவர்களில் 31 சதவீதம்தான். யாராவது சொல்லியிருப்பார்கள் என்று ஒவ்வொருவரும் நினைத்துக்கொண்டதுதான் காரணம்.

இதுவரை சரி. ஆனால் அந்த 38 பேர் கதை மிகைப்படுத்தியது என்று பின்னால் தெரிந்தது, அதை வெளியிட்ட பத்திரிகையே பிற்பாடு ஒப்புக்கொண்டது. 2019-இல் வெளியான இன்னொரு ஆய்வு ஆய்வுக்கூடத்தை விட்டுத் தெருவுக்கு வந்தது. ஆம்ஸ்டர்டாம், இங்கிலாந்தின் லங்காஸ்டர், தென்னாப்பிரிக்காவின் கேப்டவுன் மூன்று இடங்களிலும் சிசிடிவியில் பதிவான 219 தெருச் சண்டைகளைப் பார்த்தார்கள். பத்தில் ஒன்பதில் குறைந்தது ஒருவராவது உள்ளே இறங்கித் தடுத்திருந்தார், கூட்டம் பெரிதாக இருந்த இடங்களில் அந்த வாய்ப்பு இன்னும் கூடியிருந்தது. அது சண்டை, இது விபத்து, ஒன்றுக்கொன்று அப்படியே பொருந்தாதுதான். ஆனாலும் நம்ம ரோட்டில் நான் பார்த்ததோடு இது ஒத்துப்போகிறது. அன்றைக்கு 108-க்கு அடித்தவர் ஒருவர்தான், மற்றவர்கள் அவர் அடிப்பதைப் பார்த்ததும் அதை விட்டுவிட்டு வேறு வேலைக்குப் போனார்கள்.

இதைவிட எனக்குப் பிடித்த ஆய்வு 1973-இல் டார்லியும் டேனியல் பேட்சனும் செய்தது. பிரின்ஸ்டனில் போதகர் படிப்பு படிக்கிற மாணவர்களை அழைத்து, அடுத்த கட்டடத்தில் போய்ப் பேச வேண்டும் என்றார்கள். பாதிப் பேருக்குத் தலைப்பு பைபிளில் வரும் நல்ல சமாரியன் கதை. வழியில் ஒரு ஆள் சுருண்டு கிடந்து இருமுகிறார். நேரம் இருக்கிறது என்று சொல்லி அனுப்பியவர்களில் 63 சதவீதம் பேர் நின்று பார்த்தார்கள். தாமதமாகிவிட்டது ஓடுங்கள் என்று அனுப்பியவர்களில் 10 சதவீதம். பேசப் போகிற தலைப்பு பெரிய வித்தியாசம் செய்யவில்லை. நல்ல சமாரியனைப் பற்றிப் பேசப் போகிற அவசரத்தில் அடிபட்டவனைத் தாண்டிப் போயிருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை பூசைக்கோ ஆராதனைக்கோ மணி அடித்த பிறகு நம்ம ஊர்ப் பைக்குகள் போகிற வேகத்தைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

உதவுகிறவர்களைப் பாதுகாக்கிற ‘நல்ல சமாரியன்’ சட்டத்துக்குப் பெயர் கொடுத்ததும் அதே கதைதான். வழியில் அடிபட்டுக் கிடந்தவனை ஆசாரியனும் லேவியனும் தாண்டிப் போக, ஒதுக்கப்பட்ட இனத்துக்காரனான சமாரியன் காயம் கட்டி, தன் வண்டி மிருகத்தில் ஏற்றி, சத்திரத்துக்குக் கொண்டுபோய், செலவுக்கும் பணம் கொடுத்துவிட்டுப் போகிறான். தமிழ்நாட்டு அரசு அறிவிப்புகளில் இதற்கு ‘நற்கருணை வீரன்’ என்று எழுதுகிறார்கள். எழுதியவர் நம்ம மாவட்டத்துக்காரராக இருக்க வாய்ப்பில்லை, இங்கே பாதிப் பேருக்கு நற்கருணை என்றால் பூசையில் வாங்குகிற அப்பம். முதன்முதலாக அந்தப் பலகையைப் பார்த்த என் நண்பன் ஏதோ பங்கு இளைஞர் இயக்கம் என்றே நினைத்தானாம்.

சரி, பயத்துக்கு வருவோம். அன்றைக்கு ஆஸ்பத்திரியில் என்ன நடந்தது என்று சொல்லிவிடுகிறேன், எந்த ஆஸ்பத்திரி, எந்த ஸ்டேஷன் என்பது வேண்டாம். பையனை உள்ளே கொண்டுபோனதும் கவுன்டரில் எனக்கு என்ன சொந்தம் என்று கேட்டார்கள். சொந்தமில்லை என்றேன். பெயர், போன் நம்பர், விலாசம், அப்புறம் பதிவுக் கட்டணம். கட்டினேன். மறுநாள் ஸ்டேஷனிலிருந்து கூப்பிட்டார்கள், அந்த வாரத்தில் இன்னொரு தடவை, அடுத்த மாதம் ஒரு தடவை. யாரும் மிரட்டவில்லை, மரியாதைக் குறைவாக ஒரு வார்த்தைகூட இல்லை. உட்கார வைத்தார்கள், அவ்வளவுதான். எனக்குப் பாதி நாள் வேலை போயிற்று, ஆட்டோக்காரருக்கு இரண்டு நாள் ஓட்டம் போயிற்று. அடுத்த தடவை அவர் நிற்பாரா என்று யோசித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தேன்.

இதில் வேடிக்கை, அன்றைக்கு எங்களிடம் கேட்டதில் பாதியைக் கேட்கவே கூடாது என்று உச்ச நீதிமன்றம் அதற்கு முன்பே சொல்லியிருந்தது. எனக்கும் தெரியாது, கவுன்டரில் இருந்தவருக்கும் தெரியாது.

கதை எண்பதுகளின் கடைசியிலேயே தொடங்குகிறது. ஸ்கூட்டரில் போன ஒருவரைக் கார் மோதிவிட, பக்கத்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். இது போலீஸ் கேஸ், எங்களுக்கு அனுமதி இல்லை, இருபது கிலோமீட்டர் தள்ளி இருக்கிற இன்னொரு ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்று திருப்பி அனுப்பினார்கள், போகிற வழியிலேயே உயிர் போய்விட்டது. பத்திரிகையில் வந்த இந்தச் செய்தியை எடுத்துக்கொண்டு பரமானந்த் கட்டாரா என்பவர் உச்ச நீதிமன்றம் போனார். அரசு டாக்டரானாலும் தனியார் டாக்டரானாலும் முதலில் உயிரைக் காப்பாற்று, போலீஸ் நடைமுறையெல்லாம் அப்புறம் என்று 1989 ஆகஸ்டில் தீர்ப்பு வந்தது. அடிபட்டவருக்கு உரிமை கிடைத்தது. கொண்டுவந்தவருக்குப் பாதுகாப்பு கிடைக்க இன்னும் இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் ஆயிற்று.

அந்த வேலையைச் செய்தது டெல்லியில் இருக்கிற சேவ்லைஃப் பவுண்டேஷன். அதைத் தொடங்கிய பியூஷ் திவாரியின் சித்தப்பா மகனோ மாமா மகனோ முறையில் ஒரு பையன் 2007-இல் ரோட்டில் அடிபட்டு, பார்த்தவர்கள் யாரும் நிற்காமல் செத்துப்போனான். அவர்கள் 2013-இல் எடுத்த ஒரு கணிப்பில், பலத்த காயம் பட்டவருக்கு உதவ முன்வர மாட்டோம் என்று 74 சதவீதம் பேர் சொன்னார்கள். அவர்களில் 88 சதவீதம் பேர் சொன்ன காரணம் போலீஸ், கோர்ட் அலைச்சல். அதாவது நம்ம ஆட்டோக்காரர் மெதுவாகக் கேட்ட கேள்விதான். 2012-இல் அவர்கள் போட்ட பொதுநல வழக்கில் மத்திய அரசு 2015 மே மாதம் வழிகாட்டுதல் வெளியிட்டது, 2016 மார்ச் 30 அன்று உச்ச நீதிமன்றம் அதை நாடு முழுக்கக் கட்டாயமாக்கியது. 2019-இல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தியபோது 134ஏ என்று ஒரு பிரிவே சேர்த்தார்கள், அதற்கான விதிகள் 2020 செப்டம்பரில் வந்தன.

சட்டம் சொல்வதைச் சாயக்கடைத் தமிழில் சொன்னால் இப்படி வரும். நல்ல எண்ணத்தில் நீங்கள் ஒருவரைத் தூக்கினீர்கள், கட்டுப் போட்டீர்கள், வண்டியில் ஏற்றினீர்கள். அதில் தெரியாமல் ஏதோ தவறு நடந்து அவருக்குக் காயம் கூடினாலும், அவர் செத்தே போனாலும், உங்கள் மேல் கிரிமினல் வழக்கும் கிடையாது, நஷ்ட ஈட்டு வழக்கும் கிடையாது. பெயரையும் விலாசத்தையும் சொல் என்று போலீஸ் உட்பட யாரும் வற்புறுத்தக் கூடாது, நீங்களாகச் சொன்னால் சொல்லலாம். ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு நீங்கள் போகலாம், பதிவுக் கட்டணம் கட்டு, அட்வான்ஸ் கட்டு என்று உங்களைப் பிடித்து நிறுத்தக் கூடாது, நீங்கள் அடிபட்டவரின் சொந்தக்காரராக இருந்தால் ஒழிய. நீங்களே விரும்பிச் சாட்சி சொல்ல வந்தால் உங்களுக்கு வசதியான இடத்தில், உங்கள் வீடோ கடையோ எதுவானாலும், ஒரே தடவையில் விசாரித்து முடிக்க வேண்டும். ஸ்டேஷனுக்கு வெளியே என்றால் போலீஸ் சாதாரண உடையில் வர வேண்டும், ஊர்க்காரர்கள் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து வேறு கதை கட்டாமல் இருக்க என்று நான் எடுத்துக்கொள்கிறேன். இந்த உரிமைகளையெல்லாம் ஆஸ்பத்திரி வாசலில் உள்ளூர் மொழியில் எழுதி மாட்ட வேண்டும் என்றும் விதி இருக்கிறது. அடுத்த தடவை ஆஸ்பத்திரிக்குப் போகும்போது வாசலில் தேடிப் பாருங்கள்.

செலவு பற்றிய பயமும் பெரிது. அதற்குத் தமிழ்நாட்டில் 2021 டிசம்பர் 18 அன்று மேல்மருவத்தூரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48’ திட்டம் இருக்கிறது. தமிழ்நாட்டு எல்லைக்குள் அடிபட்டவர் எந்த மாநிலத்துக்காரரானாலும், எந்த நாட்டுக்காரரானாலும், முதல் 48 மணி நேரச் சிகிச்சை திட்டத்தில் சேர்ந்த ஆஸ்பத்திரிகளில் இலவசம். தொடங்கும்போது ஒரு லட்சம் ரூபாய் வரை என்று வைத்தார்கள். சுற்றுலாவுக்கு வடநாட்டிலிருந்து வருகிறவர்களும், வேலைக்கு வந்து தங்கியிருப்பவர்களும், காலையில் வந்து சாயங்காலம் திரும்பும் கேரளக்காரர்களும் நிறைந்த நம்ம மாவட்டத்துக்கு ‘எந்த மாநிலம்’ என்ற அந்தச் சொல்தான் முக்கியம். கவுன்டரில் இந்தத் திட்டத்தின் பெயரைச் சொல்லத் தெரிந்திருந்தாலே அன்றைக்கு எனக்குப் பாதிக் குழப்பம் தீர்ந்திருக்கும், ஆனால் அப்போது திட்டமே வரவில்லை. மத்திய அரசும் 2025 மே மாதத்தில், விபத்து நடந்த நாளிலிருந்து ஏழு நாள் வரை, ஒன்றரை லட்சம் ரூபாய் வரை பணம் கட்டாத சிகிச்சைக்கு ஒரு திட்டம் கொண்டுவந்திருக்கிறது.

காப்பாற்றியவருக்குப் பரிசு என்று 2021-இல் மத்திய அரசு 5,000 ரூபாய் அறிவித்தது, 2025-இல் அதை 25,000 ஆக்கினார்கள். கொடுக்கட்டும், நல்லதுதான். ஆனால் பணம் வருகிறது என்று எண்ணிப் பார்த்து யாரும் ரத்தத்தில் கை வைப்பதில்லை. ஆட்டோக்காரருக்குப் போன இரண்டு நாள் ஓட்டத்தைப் போகாமல் பார்த்துக்கொண்டிருந்தால் அதுவே போதும் என்பது என் எண்ணம்.

இனி, கை செய்கிற வேலை. இதைத்தான் நான் நீட்டி எழுத நினைத்தேன், ஏனென்றால் அன்றைக்கு நாங்கள் பத்துப் பேரும் சேர்ந்து செய்ததில் சரியானது மூன்றோ நாலோதான்.

பைக் சாவியை அணைத்தது சரி. பெட்ரோல் கசிந்தால் பொறி ஒன்று போதும். ஆனால் ரோட்டில் பின்னால் வருகிற வண்டியை நிறுத்த யாரும் போகவில்லை. மழையில், வளைவில், கூட்டமாக நடு ரோட்டில் குனிந்து நிற்கிறோம். ஒரு பஸ் பிரேக் பிடிக்காமல் வந்திருந்தால் அந்தப் பையனோடு சேர்த்து எங்களையும் அள்ளியிருக்க வேண்டியிருக்கும். முதலில் வருகிறவர் தன் வண்டியைக் கொஞ்சம் பின்னால் நிறுத்தி நாலு இண்டிகேட்டரையும் போட்டுவிட வேண்டும், இரண்டு பேர் இரண்டு பக்கமும் கொஞ்ச தூரம் போய்க் கையைக் காட்ட வேண்டும். கூட்டத்தில் சும்மா நிற்பவருக்குக் கொடுக்க இதைவிட நல்ல வேலை கிடையாது. வேலை கொடுக்கும்போது ‘யாராவது போங்கள்’ என்றால் ஒருவரும் போக மாட்டார், ‘நீல சட்டை போட்ட அண்ணே, நீங்க அந்த வளைவுக்குப் போங்க’ என்றால் போவார். அந்த 85-க்கும் 31-க்கும் உள்ள தூரத்தைக் கடக்க விரல் நீட்டிச் சொன்னால் போதும்.

ஹெல்மெட்டை இழுக்க இரண்டு பேர் வந்தார்கள், ஒரு நர்ஸ் அக்கா, பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தவர், “தொடாதீங்க” என்று கத்தினார். அவர் சொன்னதுதான் முறை. மூச்சு சீராக வருகிறது, வாந்தி இல்லை என்றால் ஹெல்மெட்டை அப்படியே விட்டு முன் கண்ணாடியை மட்டும் தூக்கி விட்டால் போதும். கழுத்தெலும்பு முறிந்திருந்தால் இழுக்கிற இழுப்பில் தண்டுவடம் அறுந்து பையன் ஆயுசுக்கும் நடக்க முடியாமல் போகலாம். மூச்சே இல்லை, வாயில் ரத்தம் நிறைகிறது என்றால் மட்டும் கழற்ற வேண்டும், அப்போதும் ஒருவர் கீழிருந்து கழுத்தையும் தாடையையும் அசையாமல் பிடிக்க, இன்னொருவர் மெதுவாக எடுக்க வேண்டும். மயங்கியிருப்பவர் வாயில் ரத்தமோ வாந்தியோ வந்தால் தலை, கழுத்து, முதுகு மூன்றும் ஒரே நேர்கோட்டில் இருக்க மூன்று பேர் சேர்ந்து ஒரு மரக்கட்டையை உருட்டுவது போல ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும்.

சோடா. இதை எங்கே போனாலும் நிறுத்த முடியவில்லை. அடிபட்டவர் தண்ணீர் கேட்பார், கேட்கிறவருக்கு இல்லையென்று சொல்ல நம்ம ஆட்களுக்கு மனசு வராது. ஆனால் மயக்கத்தில் இருப்பவருக்குக் கொடுத்தால் அது நுரையீரலுக்குள் போகும். நினைவோடு இருப்பவருக்குக் கொடுத்தாலும், ஆபரேஷனுக்கு மயக்க மருந்து கொடுக்கும்போது வயிற்றில் இருப்பது மேலே வந்து மூச்சுக்குழாயை அடைக்கலாம். உதட்டை நனைத்து விடலாம், அதோடு சரி.

ரத்தத்துக்குத் துவர்த்து. அந்த ஆட்டோக்காரர் செய்ததுதான் அன்றைக்கு நடந்ததிலேயே முக்கியமான வேலை என்று பிறகு டாக்டர் சொன்னார். துணியை மடித்துக் காயத்தின் மேல் வைத்து உள்ளங்கையால் விடாமல் அமுக்க வேண்டும், நின்றுவிட்டதா என்று ஒவ்வொரு நிமிடமும் எடுத்துப் பார்க்கக் கூடாது. நனைந்தால் அதன் மேலேயே இன்னொரு துணி. கம்பியோ கண்ணாடியோ குத்தி நின்றால் அதைப் பிடுங்கக் கூடாது, அதுதான் அடைப்பாக இருக்கிறது, சுற்றித் துணி வைத்து அசையாமல் பார்த்தால் போதும். விரல் துண்டாகியிருந்தால் சுத்தமான துணியில் சுற்றி, பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கட்டி, அந்தக் கவரை ஐஸில் வைக்க வேண்டும், விரல் நேராக ஐஸில் படக் கூடாது. குளச்சல், முட்டம் பக்கமிருந்து மீன் பெட்டியோடு பைக்கில் வருகிற அண்ணாச்சி எப்படியும் கூட்டத்தில் ஒருவர் இருப்பார், அவரிடம் ஐஸ் இருக்கும். இதை நான் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை, நம்ம ரோட்டுக்கு மட்டும் உள்ள வசதி.

ஆட்டோவா, 108-ஆ? தமிழ்நாட்டில் 108 வந்தது 2008-இல், அதற்கு முன்னால் இந்தக் கேள்வியே கிடையாது. ஆட்டோவில் பின் சீட்டில் ஒருவரை மடக்கி உட்கார வைத்தால் கழுத்து தொங்கும், மூச்சு அடைக்கும், முறிந்த தொடை எலும்பு உள்ளே குத்தும். கழுத்து, முதுகு வலிக்கிறது, கால் மரத்துப்போச்சு என்று சொல்கிறவரை 108 வரும்வரை அசைக்கக் கூடாது. ஆனால் அமுக்கியும் நிற்காத ரத்தம், 108 வர நேரமாகும் என்ற பதில், இரண்டும் சேர்ந்தால் காத்திருப்பதில் பலன் இல்லை, நீட்டிப் படுக்க வைக்க முடிகிற வண்டி, டெம்போவோ காரோ, எதுவானாலும் எடுத்துவிட வேண்டியதுதான். நாங்கள் ஆட்டோவில் கொண்டுபோனது சரியா என்று இன்றைக்கும் எனக்குள் ஒரு தகராறு இருக்கிறது. பையன் பிழைத்தான், அதனால் யாரும் கேட்கவில்லை. 108-க்கு அடிக்கும்போது ஊர்ப் பெயரோடு ஒரு அடையாளமும் சொல்லுங்கள், குருசடியோ, பெட்ரோல் பங்கோ, பாலமோ. அப்புறம் போனை வேறு யாருடனும் பேசாமல் வைத்திருங்கள், அவர்கள் திரும்பக் கூப்பிடுவார்கள். வீடியோ எடுக்கிறவர்கள் அந்தப் போனை வழி சொல்லப் பயன்படுத்தினால் பெரிய புண்ணியம். அவர்களைப் பற்றி இதற்கு மேல் எழுத ஒன்றும் இல்லை.

சட்டையைப் பிடித்த மனுஷருக்கு மட்டும் ஒரு வார்த்தை. மோதிய வண்டியின் டிரைவர்தான் அடிபட்டவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும் என்று அதே மோட்டார் வாகனச் சட்டத்தின் 134-ஆம் பிரிவு சொல்கிறது. சொல்லிவிட்டு ஒரு விலக்கும் கொடுக்கிறது, கூட்டத்தின் ஆத்திரத்தால் முடியாமல் போனால் ஒழிய என்று. சட்டம் எழுதியவர்களுக்கே நம்மைத் தெரிந்திருக்கிறது. அன்றைக்கு அந்த இடத்தில் ஒரு மனிதரை நீட்டிப் படுக்க வைக்கக்கூடிய ஒரே வண்டி அந்தக் கார்தான். அதன் டிரைவர் சட்டை கிழிந்து மழையில் நின்றுகொண்டிருந்தார், நாங்கள் ஆட்டோவைத் தேடிக்கொண்டிருந்தோம்.

பெயர் சொல்ல வேண்டியதில்லை என்ற உரிமையில் ஒரு சிக்கலும் இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. எல்லோரும் பெயர் சொல்லாமல் போய்விட்டால், மோதிய வண்டி நிற்காமல் போய்விட்ட கேஸில் அடிபட்டவர் வீட்டுக்குக் கையில் ஒன்றும் இருக்காது. வண்டி எதுவென்றே தெரியாத விபத்தில் 2022 ஏப்ரல் முதல் இறப்புக்கு இரண்டு லட்சம், பலத்த காயத்துக்கு 50,000 என்று ஒரு நிவாரணம் உண்டு, அவ்வளவுதான். வண்டி நம்பர் தெரிந்து, இன்ஷூரன்ஸ் இருந்து, பார்த்த ஒருவர் சாட்சி சொன்னால் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் கிடைக்கக்கூடிய தொகை வேறு கணக்கு. அதனால் பெயர் கொடுக்க மனசில்லாவிட்டாலும் வண்டி நம்பரையாவது குறித்து 108 ஆட்களிடமோ ஆஸ்பத்திரியிலோ கொடுத்துவிட்டுப் போகலாம். எனக்கு, அலைந்தேன் என்று புலம்பினாலும், அந்த மூன்று தடவையும் போனதில் வருத்தம் இல்லை.

போன மாதம் சாமியார்மடம் ஸ்டாண்டில் அந்த ஆட்டோக்காரரைப் பார்த்தேன். இப்போது வேறு வண்டி, முன் கண்ணாடியில் மாதாவும் வேளாங்கண்ணிக் கொடியும். 134ஏ பற்றியெல்லாம் ஒரு சாயை குடித்து முடிக்கிற நேரத்துக்குள் சொன்னேன், பெயர் கேட்டால் சொல்ல வேண்டியதில்லை என்பது உட்பட. பொறுமையாகக் கேட்டார்.

“நான் சொல்லியிருவேன்ணே,” என்றார். “பேரு சொல்லாட்டி அந்தப் பையன் எங்கேன்னு தேடுவான்? நம்ம துவர்த்தைத் திருப்பித் தரணும்லா.”